வழுக்கும் என்று எழுதிய வரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்து, நான் செய்கிற எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பிப் போகிற அளவுக்குத் தேறியிருக்கிறாள். பாத்ரூம் குழாயைப் பிளம்பர் வந்து சரிசெய்துவிட்டார். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் நீ இரண்டு வார்த்தையில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். இந்த முறை நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும்.

போன வாரம் ஒருவர் கூப்பிட்டார். பஸ் ஓட்டுகிறவராம். நம் இணையதளத்தின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பேசினார். அவருடைய அப்பா குளியல் நாற்காலியோடு சரிந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மனிதர் கத்தவில்லை. "ஏம்மா, நான் வாங்கின சைட்டுல ஒருத்தங்க அவங்க அம்மாவ இதுல உக்கார வெச்சுக் குளிப்பாட்டுறதப் பத்தி எழுதியிருந்தாங்க. அதப் படிச்சுதான் நம்பி வாங்கினேன். இப்ப அந்த வரியப் போட்டுத் தேடினா உங்க சைட்டும் வருது. அதே பேச்சு. ஆனா உங்ககிட்ட மட்டும் கால் ரப்பர் வழுக்கும்னு இருக்கு. அங்க ஏன் இல்ல?" என்று கேட்டார்.

யாரோ நம்மிடமிருந்து திருடியிருக்கிறார்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன். தம்பியிடம் சொல்லிப் பார்க்கிறேன், அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி என்றும் சொன்னேன்.

உனக்கு நினைவிருக்கும். நீ வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது ஆரம்பித்த தளம் இது. வாக்கர், கட்டில் தடுப்பு, குளியல் நாற்காலி என்று முதியவர்களுக்கான பொருட்கள். அவற்றைச் செய்கிற கம்பெனி அனுப்புகிற விவரத்தை அப்படியே ஏற்றுவோம், நம் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நீதான் காரணம் சொன்னாய். "இதே விவரம் இன்னும் நூறு சைட்டுல எழுத்துக்கு எழுத்து இருக்குக்கா. தேடுறவங்களுக்கு நம்மள ஏன் முன்னாடி காட்டணும்? வேற எங்கயும் இல்லாதது நம்மகிட்ட இருக்கணும். நீ அம்மாவப் பாத்துக்கற இல்ல, அத எழுது" என்றாய்.

எழுதினேன். ஒவ்வொரு பொருளையும் வாங்கி, முதலில் நான் உட்கார்ந்து பார்த்து, பிறகு அம்மாவை உட்கார வைத்து எழுதினேன். அந்த நாற்காலியைப் பார்த்ததும் அவள், "சிம்மாசனம் வந்துருச்சு, கிரீடம் எங்கடி?" என்றதை எழுதினேன். முதல் நாள் என் முன்னால் புடவையைக் களைய வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுததையும் எழுதினேன். எழுதலாமா என்று கேட்டதற்கு, "நாலு பேருக்குப் பிரயோஜனப்படும்னா எழுதிக்கோ" என்று அவளே சொன்னாள். சோப்புத் தண்ணீர் பட்டால் பின்கால் ரப்பர் வழுக்கும், கீழே விரிப்புப் போடாமல் உட்கார வைக்காதீர்கள் என்ற வரியை நானே தரையில் விழுந்து எழுந்துதான் எழுதினேன். தளம் தேடலில் மளமளவென்று ஏறி முதல் பக்கத்துக்கு வந்தது. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். அம்மா பயந்துபோய்த் திட்டினாள்.

அப்புறம் அந்தக் கம்பெனியிலேயே உனக்கு வேலை கிடைத்தது. நீ ஊரை விட்டுப் போனாய். கொஞ்ச நாளில் தளம் சரிய ஆரம்பித்தது. கேட்டதற்கு, "தேடல் விதிய மாத்திட்டாங்கக்கா, எல்லாருக்கும் இறங்கியிருக்கு. நீ நிறுத்தாம எழுது" என்றாய். நான் நம்பி இன்னும் எழுதினேன். இடுப்பு வலியோடு உட்கார்ந்து எழுதினேன்.

பஸ் ஓட்டுநர் பேசி முடித்ததும் நானே தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அம்மாவின் சிம்மாசனம். பெரிய பெரிய தளங்களில் எல்லாம் அவள் சுவரைப் பார்த்து அழுகிறாள். ஒன்றில் 'என் அம்மா' என்பதை 'எங்கள் வாடிக்கையாளர்' என்று மாற்றியிருந்தார்கள். நாற்காலியைப் பாராட்டிய வரிகள் எல்லாம் இருந்தன. வழுக்கும் என்ற வரி ஒன்றில்கூட இல்லை. நம் தளம் எங்கோ அடியில் கிடந்தது, நான்தான் அவர்களைப் பார்த்து எழுதியவள் போல.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். இந்த எழுத்தெல்லாம் கம்பெனி எல்லாத் தளங்களுக்கும் அனுப்புகிற விவரத்திலேயே சேர்ந்தது, யாரும் திருடவில்லை என்றாள். "உங்க தம்பிதானே மேடம் கொண்டு வந்தார்? அதப் பாத்துதான் அவர வேலைக்கு எடுத்தாங்க. உங்க சம்மதம் இருக்குன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரே" என்றாள். போன மாதம் நான் எழுதியதுகூட அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் போனை வைத்துவிட்டு அடுப்பில் இருந்த பாலைக்கூட இறக்கவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனடா. வேலைக்காக என்றால் மொத்தத்தையும் எடுத்துக்கொள் என்றிருப்பேன். கேட்காமல் எடுத்ததைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். நான் எழுத எழுத நீ எடுத்துக்கொண்டே, எழுது எழுது என்று என்னிடமே சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த ரப்பர் வரியை வெட்டியது உன் கையா, வேறொருவர் கையா என்று நான் கேட்கப் போவதில்லை. உன் கைதான் என்று நீ சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

பஸ் ஓட்டுநரைத் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். திருடியது யாரும் இல்லை, என் தம்பிதான் கொடுத்தான் என்றேன். அவர், "சரிம்மா, உங்க அம்மாவப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் பக்கத்தின் உச்சியில் அந்த எச்சரிக்கையைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். ஆனால் நம் பக்கத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்? நீ அங்கே ஒரு இடத்தில் சேர்த்தால் எல்லாத் தளத்துக்கும் போய்விடும். இன்றைக்கே சேர். மேலே இருப்பவர்கள் முகம் சுளித்தாலும் சேர். வேறு எதையும் நீ சரிசெய்ய வேண்டாம். நான் இனி எழுதப் போவதும் இல்லை.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று தினமும் கேட்கிறாள். சாப்பிடுகிறான் என்று சொல்கிறேன். உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றதும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் நாலு பேருக்கு நல்லது நடக்க வேண்டும் என்றாள்.

அம்மா சொன்னதை எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அக்கா