நமக்குத்தானே போடுவாங்க

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

கட்சி வார்டு கமிட்டியில் செயலாளர் இன்றைக்கு ஓட்டுக் கேட்டுப் போக வேண்டிய வீடுகளை வாசித்தார். "எஸ்டேட் தொழிலாளிங்க இருக்கிற லயத்து வீடெல்லாம் எங்கே?" என்று கேட்டேன்.

"அவங்க எங்கம்மா போயிடப் போறாங்க? நமக்குத்தானே போடுவாங்க. மறையூர் ரோட்டுப் புது வீட்டுக்காரங்கதான் இன்னும் முடிவு பண்ணலை" என்றார். போன பஞ்சாயத்துத் தேர்தலில் நூலிழையில் தோற்றோம். அவர் சொல்வது தப்பென்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

மறையூர் ரோட்டில் பதினோரு வீடு ஏறி இறங்கினேன். எல்லாரும் டீ கொடுத்து, "பார்க்கலாம்" என்றார்கள்.

திரும்பும்போது லயத்து முனையில் மாரியக்கா மறித்தார். என்னோடு பத்து வருசம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். தேர்தல் வந்தால் யாரும் சொல்லாமலே வாசலில் எங்கள் கொடியைக் கட்டுகிறவர்.

"ஏன்டி, ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே? நாங்க ஓட்டுப் போட மாட்டோம்னு நெனச்சுட்டீங்களா?"

"இல்லக்கா, போடுவீங்கன்னு நெனச்சுட்டாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அக்கா என்னையே பார்த்தார். "அப்ப மாட்டேன்னு சொன்னாத்தான் வருவீங்களோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

யார் என்ன சொன்னாலும் காலையில் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகப் போகிறேன். போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.