கதவருகே நம்ம ஆளு

அப்பா,

பாலிஷ் டப்பாவின் மூடியைத் திறந்ததும் உன் வாசனை வீடு முழுக்க வந்துவிட்டது. அடுப்படியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பிரஷ் உன்னுடையதுதான். தேய்ப்பது என் சேஃப்டி ஷூவை. முன்பக்கம் இரும்பு வைத்த அந்தக் கனத்த ஷூவுக்குக் கம்பெனியில் வேறு யாரும் பாலிஷ் போடுவதில்லை. எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் கை தானாக டப்பாவைத் தேடுகிறது. நீ டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து உன் டூட்டி ஷூவைத் தேய்த்த நேரம் அது.

இன்று டிவி இல்லை, லேப்டாப். அதில் நம் கப்பல் ஓடப் போகிறது, அப்பா. கடைசிப் பகுதி. நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு இன்று பதில் தெரிந்துவிடும்.

அந்தத் தொடரின் உண்மைப் பெயர் நம் வாயில் கடைசிவரை நுழையவில்லை. அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வந்த புதிதில், எந்த நாட்டிலோ எப்போதோ எடுத்ததைத் தமிழ் பேச வைத்து ஞாயிறுதோறும் போட்டார்கள். விண்வெளியில் ஒரு பழைய போர்க்கப்பல், அதில் கொஞ்சம் சிப்பாய்கள், பல்லைக் கடித்துக்கொண்டே பேசும் ஒரு தளபதி. "தண்ணியே இல்ல, இன்னாத்துக்கு இத கப்பலுன்றாங்க?" என்று அம்மா கேட்டாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குக் கப்பல் என்றுதான் பேர்.

நான் தளபதியைப் பார்ப்பேன், சண்டையைப் பார்ப்பேன். நீ ஒருவனை மட்டும் பார்த்தாய். கட்டளை அறைக்கு வெளியே துப்பாக்கியோடு நிற்பான் ஒரு காவலாள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. அவன் வெளியே இருக்கும் இரும்புச் சக்கரத்தைச் சுற்றினால்தான் திறக்கும். தளபதி போவார், வருவார், அவன் சுற்றுவான். வசனம் கிடையாது. முகத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட மாட்டார்கள். நீ அவனுக்கு 'நம்ம ஆளு' என்று பேர் வைத்தாய்.

"பாரு, ஒரு காலுக்கு வெயிட்ட மாத்தி மாத்திக் குடுக்கிறான். நெசமாவே நின்னுகினு கீறான்" என்பாய். தளபதி யார் மீதோ உள்ள கோபத்தில் அவனிடம் எரிந்து விழுந்த வாரம் உனக்குப் பொறுக்கவில்லை. அவன் சக்கரத்தைச் சுற்றாவிட்டால் இந்தத் தளபதி உள்ளேயே கிடந்து காய வேண்டியதுதான் என்று அம்மாவிடம் முறையிட்டாய். ஆனால் வாராவாரம் நீ தவறாமல் சொன்னது வேறு: "இம்மாம் பெரிய கப்பலு கட்டத் தெரிஞ்சிருக்கு. அவனுக்கு ஒரு ஸ்டூலு போடத் தெரில."

நீ ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பாய்.

கடைசிப் பகுதி வந்த ஞாயிறு நீ வீட்டில் இல்லை. உன்னை மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை. மாற்று ஆள் வராமல் கேட்டை விட முடியாது. நீ பார்க்கச் சொல்லியிருந்ததால் நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பகைவர்களின் குண்டு கப்பலில் விழுந்தது. தளபதி கதவுக்கு உள்ளே. வெளியே நடைபாதை முழுக்க நெருப்பு. அதற்கு நடுவில் நம்ம ஆளு. அப்போது நம் ஊர் வடக்குப்பட்டு முழுவதற்கும் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது மாவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அந்த நேரத்தில் ஏதோ பாட்டு நிகழ்ச்சி.

நீ சைக்கிளை நிறுத்தி, ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாய்.

"நம்ம ஆளு இன்னா ஆனான்?"

சொன்னேன். குனிந்து ஷூவைக் கழற்றினாய்.

"இருப்பான். மாத்து ஆளு வராம அவன் எங்க போவான்?"

"அவனுக்குப் பேரு கூட வெக்கலப்பா. பேரு இல்லாதவங்கதான் மொதல்ல சாவாங்க. எல்லா கதையிலயும் அப்டித்தான்."

"அது எழுதறவன் தப்பு" என்றாய்.

அதன்பிறகு எத்தனை வருடம் இதற்காகச் சண்டை போட்டோம்! வெளியே யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத நான், உன்னிடம் மட்டும் வக்கீல் மாதிரி வாதாடினேன். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்ற திமிரும் கொஞ்சம் இருந்திருக்கும். நீ உன் ஒரே வாதத்தை விட்டு நகரவே இல்லை.

படிப்பு முடிந்து, உன் கம்பெனியிலேயே தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் காலை கேட்டில் நின்றவன் நீ. நான் சிரித்துக்கொண்டே உள்ளே போகப் பார்த்தேன். நீ குறுக்கே கையை நீட்டினாய்.

"கார்டு காட்டுங்க மேடம்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முன் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கார்டைத் தேடி எடுத்து நீட்டினேன். நீ அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாய், யாரோ புதிய ஆளைப் பார்ப்பதுபோல. பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "போட்டோல நல்லாக் கீற" என்றாய். அதற்குப் பிறகு தினமும் நான் உனக்கு மேடம்தான். சாயங்காலம் வீட்டு வாசலைத் தாண்டினால்தான் மறுபடி மகள்.

நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் நீ கப்பலை விடவில்லை. எங்கேயாவது கிடைத்தால் பார்த்துச் சொல் என்றாய். தேடினேன். சரியான பெயர் தெரியாமல் எதைத் தேடுவது? நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

போன மாதம் மதியச் சாப்பாட்டின்போது, என்னோடு வேலை செய்யும் முத்துலட்சுமியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். என்னைப் பேச வைப்பதில் உனக்கு அடுத்தபடி அவள்தான். நான் இரும்புச் சக்கரத்தைச் சொன்னதுமே சோற்றுக் கையோடு என் தோளைத் தட்டினாள். அவள் அண்ணனுக்கும் அந்தப் பைத்தியம் உண்டாம். ஊருக்குப் போய்வந்தவள் ஒரு பென் டிரைவை என் கையில் வைத்தாள். "ஏட்டி, இந்தா உங்கப்பா கப்பலு. முழுசும் கெடக்கு, தமிழ்லயே."

முதலிலிருந்து பார்த்தேன். கப்பல் அட்டையில் செய்தது என்று இப்போது தெரிகிறது. வெடிக்கும்போது கயிறுகூடத் தெரிகிறது. ஆனால் நம்ம ஆளு நிஜமாகவே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றுகிறான். நான் இதுவரை கவனிக்காத காட்சிகளில்கூட ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறான்.

கடைசிப் பகுதியை மட்டும் ஒரு வாரமாகத் திறக்கவில்லை. அவன் செத்திருந்தால் நான் ஜெயித்துவிடுவேன். உன்னைத் தோற்கடித்து, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது பார்த்துவிட்டேன், அப்பா.

நெருப்பு அடங்குகிறது. இருட்டு. தளபதி உள்ளே நாற்காலியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அம்மா கரண்டியோடு வந்து என் பின்னால் நின்றிருந்தாள். பிறகு வெளியே இரும்பு கிறீச்சிடுகிறது. மெதுவாக, நின்று நின்று, சக்கரம் சுற்றும் சத்தம். கதவு திறக்கிறது. புகை. தளபதி எழுந்து வெளியே நடக்கிறார், படமும் அவர் பின்னாலேயே போய்விடுகிறது. கதவைத் திறந்தது யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைக் காட்டவே இல்லை.

ஆனால் கதவு திறந்தது. உள்ளே கைப்பிடி கிடையாது.

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. "அதான் அவரு அன்னிக்கே சொன்னாரே" என்றாள் அம்மா, ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி போல.

நீ ஜெயித்துவிட்டாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதாமாதம் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் எங்கள் பிரிவுக்காக என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். முடிக்கும் முன் மேனேஜர் வேறு ஏதாவது உண்டா என்று கேட்பார். நான் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாளைக்குக் கூட்டம் இருக்கிறது. ஷூவைக் கீழே வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"சார், கேட்டுக்கு ஒரு ஸ்டூல் வேணும்."

கடைசி வார்த்தை எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன், கொஞ்சம் பரவாயில்லை.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரெண்டா கேளு. பின்னாடி கேட்லயும் ஒரு ஆளு நிக்கிறான்."