வரைபடத்தில் வராத சிவப்பு

பிஷ்கேக், ஏப்ரல் 14

அன்பு அம்மாவுக்கு ஐசிரெக்கின் சலாம். நான் நலம். அப்பாவின் முட்டிவலி தேவலையா? பசு கன்று போட்டதா?

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. நம் ஊர் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் மண்சரிவு வரைபடத்தைப் போன மாதம் அச்சிட்டவள் நான்தானே? ஆபத்தான இடங்களைச் சிவப்பாகக் காட்டும் அடுக்கு, கூட வேலை செய்யும் சகினின் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. தங்கை கல்யாணத்துக்குப் போனவன் அதையும் பையோடு கொண்டுபோய்விட்டான். கோப்பு கிடைக்காததால் அந்த அடுக்கு திறக்கவில்லை. கணினி அதன் பெயருக்கு அருகில் ஓர் ஆச்சரியக்குறி மட்டும் போட்டது. நான் கவனிக்காமல் வெள்ளையாகவே அச்சிட்டு அனுப்பிவிட்டேன்.

இன்று டிஸ்க்கைச் செருகினோம். சிவப்பு வந்தது.

"ஏய், இது உங்க வீடுல்ல?" என்றான் சகின். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"மழை வேற விடாம பெய்யுது. உக்காந்து அழுவாதடி, ஆள அனுப்பு!" என்று எங்கள் மேலாளர் பக்திகுல் அக்கா கத்தினார். மாவட்டத்துக்குச் சொல்லிவிட்டார், அவர்கள் வண்டி நாளைதான் வருமாம். உங்கள் போனோ கிடைக்கவே இல்லை.

'எம் பொண்ணு போட்ட படம், நம்ம மலை சுத்தம்னு உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு' என்று எழுதியிருந்தீர்களே. அதே வாயால் மேட்டடியில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் போய், மகள் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் இங்கே வரும்போது என் பழைய கம்பளிச் சால்வையும், நீங்கள் உருட்டிக் காயவைத்த தயிர் உருண்டை கொஞ்சமும் கொண்டுவாருங்கள். இங்கே கிடைக்கும் தயிர் உருண்டையில் உப்பே இல்லை.

வேண்டாம், எதையும் எடுக்க உள்ளே போகாதீர்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த தோரோன் அண்ணன் வண்டியை அணைக்காமல் வாசலில் நிற்கிறார். ஏறுங்கள், அம்மா.

ஐசிரெக்