மூன்றாவது தலைப்பு

திண்டிவனம்,
நவம்பர் 18, செவ்வாய்.

அன்புள்ள மருமகள் ஜெர்லினுக்கு,

மதுரையில் ஆண்டவர் உன்னை நல்ல உடல்நலத்தோடு வைத்திருப்பாராக.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். விழுப்புரத்தில் உன் அக்கா புனிதா பார்ப்பவர்களிடமெல்லாம், "அந்தம்மாவுக்குப் படிச்ச திமிரு. மருமவ ஆராய்ச்சிய எழுத வுடாம காகிதத்த வச்சிக்கினு தர மாட்டேங்குது" என்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன். காகிதம் ஐந்து வாரமாக என்னிடம் இருப்பது உண்மை. நான் தடுத்தேன் என்பது பொய். திமிரைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

கட்டுரையைத் தபாலில் அனுப்பித் திருத்தித் தரச் சொன்னவள் நீ. உன் முதல் தலைப்பு, 'தமிழக நெடுஞ்சாலை விபத்துகள்'. ஒரு கட்டுரைக்குள் தமிழ்நாடு அடங்காது என்று ஓரத்தில் எழுதினேன். அடுத்தது, 'திண்டிவனம்–விழுப்புரம் சாலையில் அடிபட்டவர்களின் முதல் ஒரு மணி நேரம்'. அதையும் நான் விடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எதை அறிய விரும்புகிறாய், ஒரே கேள்வியாகக் கேள் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். கான்வென்டில் சிஸ்டர்கள் என்னை வளர்த்த விதம் அப்படி.

நீ கேட்டுவிட்டாய். 'அருகிலேயே அரசு மருத்துவமனை இருக்க, அடிபட்டவர் தொலைவிலுள்ள தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுவது யார் முடிவால்?' ஒரு சொல்லைக்கூட எடுக்கத் தோன்றவில்லை. பேனாவை மூடி வைத்தவள் இன்றுதான் திறக்கிறேன்.

இங்கே மழை விடவில்லை. கிணற்றடி மதில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது, கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறேன். இத்துடன் வறுத்த மல்லாட்டை ஒரு பை வரும். விடுதியில் மற்றப் பிள்ளைகளுக்கும் கொடு, அவர்களுக்கு வேர்க்கடலை என்றால்தான் புரியும்.

நான்காம் பக்கத்தில், பெயர் போடாமல், என் மகனைப் பற்றி எழுதியிருக்கிறாய். விக்கிரவாண்டியில் அடிபட்ட முப்பத்தாறு வயது ஆணை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தன் ஆதாயத்துக்காகப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார் என்று. மற்ற பக்கங்களில் காற்புள்ளியைக்கூட விடாத நான் அந்த வாக்கியத்தைத் தொடவில்லை. அது தவறு, ஜெர்லின்.

ஓட்டுநரின் பெயர் மாசிலாமணி. அருணின் கைபேசியிலிருந்து என்னை அழைத்தார். நீ அப்போது சென்னையில் வகுப்பில் இருந்தாய். "பத்து நிமிசத்துல முண்டியம்பாக்கம் பூடலாம்மா, சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். உன் மாமனாருக்கு வைத்தியம் பார்த்த புதுச்சேரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றேன். "அவ்ளோ தூரம் தாங்கமாட்டாரும்மா, பேசிக்கினே இருந்தா டைம் போவுது" என்று கெஞ்சினார். நான் யார் தெரியுமா என்று கேட்டேன். அதே வார்த்தைகளில் கேட்டேன். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை வாசலைக் கடந்துதான் வண்டி போயிற்று. கண்டமங்கலம் தாண்டும்போது அருண் போய்விட்டான்.

அரசு மருத்துவமனையைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. மாதா கோவிலிலிருந்து பார்க்க வருகிறவர்கள் என் மகனைப் பொது வார்டில் பார்ப்பார்களே என்பதுதான் மனதில் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

அடக்கத்தன்று அந்த மனிதர் மாலையோடு வந்தார். "கமிஷனுக்காவ எம்புருசனக் கொன்னுட்டியே" என்று நீ கத்தினாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருடமாக நீ அவரைத் திட்டும்போதெல்லாம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, தாயின் முடிவால் என்று எழுது. மற்றக் குடும்பங்களுக்கு நீ அனுப்பும் கேள்வித்தாளில் ஒன்றை எனக்கும் அனுப்பு. ஒரு கேள்வியையும் விடாமல் நிரப்பித் தருகிறேன். மாசிலாமணி மயிலத்துக்காரர். அவரை நீ பார்க்க வேண்டும். உனக்கு முன்னால் நான் போக வேண்டும், இன்னும் போகவில்லை.

மன்னிப்பாயா என்று கேட்கத் துணிவு வரவில்லை. நீ எங்கே இருந்தாலும் தினமும் மாலை ஜெபத்தில் உன் நெற்றியை நினைத்துச் சிலுவை அடையாளம் இடுகிறேன். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

தொலைபேசியில் அழைக்காதே. இரண்டு வரியானாலும் உன் கையால் எழுதி எனக்குப் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அத்தை
பிலோமினா