பாதிக் கூட்டம் போன சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

பவானி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? வெள்ளிமலையில் மழை விட்டதா? பெங்களூரில் நான் நன்றாக இருக்கிறேன்.

நானும் நிகிலும் நான்கு வருடமாகக் கம்ப்யூட்டரை வைத்து நடன இசைதான் போட்டுவந்தோம். கூட்டம் ஆடித் தீர்க்கும். ஆனால் நான் என்ன பாடினேன் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் புது ஆல்பத்தைக் கிட்டார், டிரம்ஸ் வைத்து ராக் இசையாகச் செய்யலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

போன சனிக்கிழமை அதை முதன்முதலாக மேடையில் வாசித்தோம். மூன்றாவது பாட்டிலேயே பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். "பழசுக்கே போயிடலாமா?" என்று நிகில் காதருகே கேட்டான். டிரம்ஸ் வாசிக்கும் அன்புச்செல்வன் ரிஷிவந்தியத்துக்காரன். அவன் பின்னாலிருந்து, "போறவங்க போவட்டும்க்கா. நீ பாடிக்கினே இரு" என்றான். நம் பக்கத்துப் பேச்சை அங்கே கேட்டதும் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். தொடர்ந்து பாடினேன். மிச்சம் இருந்தவர்கள் ஆடவில்லை, நின்று கேட்டார்கள். அது எனக்குப் போதுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிட்டார் கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி கொஞ்சம் உரிந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சாமை அரிசி இரண்டு கிலோ வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுவந்தால் நல்லது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மறுபடியும் இதே பாட்டுகளைத்தான் வாசிக்கப்போகிறோம். முன்னால் உட்கார இடம் நிறையவே இருக்கும்.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
பவானி