பெருவிரலும் இரண்டு உருளைக்கிழங்கும்

4 மார்ச் 1986, கிங்ஸ்பரி
பெருவிரல் பாலுண்ணியை டாக்டர் இரண்டாம் தரமும் சுட்டார். மறுபடி முளைத்துவிட்டது. பாக்டரியில் பற்றவைக்கிற சோல்டர் இரும்பை அழுத்திப் பிடிக்க ஏலாது. இன்றும் ஒரு சர்க்கியூட் போர்டைப் பழுதாக்கினேன். போர்மன் சொல்லிவிட்டான்: ஏப்ரல் முடிவதற்குள் விரல் சரிவராவிட்டால் வேலை இல்லை.

8 மார்ச்
வீட்டுக்காரி மிஸிஸ் கெலஹர் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி என் விரலில் தேய்த்தார். பின்வளவில் புதைத்தார். கிழங்கு அழுக அழுக உண்ணியும் போகுமாம். அயர்லாந்தில் அவருடைய ஊரில் இப்படித்தானாம். விசர்க் கதை. மரியாதைக்கு "தாங்க்யூ" என்றேன்.
மனிசியின் முகம் செத்துப்போனது. "கெடுத்துவிட்டாய்" என்று கதவைச் சாத்தினார். நான் என்ன பிழை விட்டேன்?

9 மார்ச்
என் அறையில் கூட இருக்கும் கோபாலகிருஷ்ணன் அண்ணை விசாரித்து வந்தார். இந்த வைத்தியத்துக்கு நன்றி சொன்னால் பலிக்காதாம்.
"பஸ்காரனுக்கும் தாங்க்யூ சொல்லு எண்டு பழக்கினது நான்தானே. என்ரை பிழை, தம்பி!" விழுந்து விழுந்து சிரிக்கிறார்.
நன்றி சொன்னால் கிழங்கு அழுகாதா? அழுகும். பிறகென்ன? ஒன்றும் விளங்கவில்லை.

15 மார்ச்
கெட்டுப்போன வைத்தியத்தை அதே கை திருப்பிச் செய்யக்கூடாதாம். கில்பர்னில் மிஸிஸ் கெலஹரின் தங்கை பிரிஜிட் இருக்கிறார், அவர் செய்யலாமாம். தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. வேண்டாம் என்றேன். கேட்டால்தானே. டெலிபோனை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். என்ரை ஒரு உண்ணிக்காக இந்த மனிசி ஏன் இப்பிடி அந்தரப்படுது?

22 மார்ச்
கில்பர்ன். தங்கை கதவைத் திறந்ததும் அக்காவுக்குச் சொன்னது: "அப்ப, உன்ரை கிழங்கு சரிவரேல்லை." தன் கிழங்கொன்றை வெட்டி என் விரலில் தேய்த்தார், தன் வளவில் புதைத்தார். தாங்க்யூ தொண்டை வரை வந்தது — பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். தாயைப் பற்றி ஏதோ சொல்லி அழுதார்கள். உடனே சிரித்தார்கள். நான் எங்கே பார்ப்பது?

11 ஏப்ரல்
சின்னதாகிறதோ? இல்லை, ஆசையோ?

25 ஏப்ரல்
தோல் சுத்தம். போர்டுகளில் பழுதில்லை. வேலை நிரந்தரம். ஆனால் சுட்டதாலா, கிழங்காலா? எந்தக் கிழங்கு? ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே மாற்றிப் பார்க்க வேண்டும் — படிச்ச படிப்பு எங்கை போச்சு?

27 ஏப்ரல்
பிரிஜிட் வந்திருந்தார். குசினியில் சண்டை, யாருடைய கிழங்கு என்று. "நீ இஞ்சினியர், நீ சொல்லு" என்று இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தெரியாது என்றேன். அப்படியென்றால், அடுத்த ஞாயிறு கோபாலகிருஷ்ணன் அண்ணையின் வாதம் பிடித்த முழங்கால்களில் தீர்த்துக்கொள்வார்களாம். ஆளுக்கொரு முழங்கால். அக்கா கிழங்கு, தங்கை தொட்டாலே எரிகிற காஞ்சோண்டி இலை.
அண்ணைக்கு இன்னும் தெரியாது.