சாகச் சொன்னால் கேட்காத செல்கள்

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தேன். மூடியிருந்த கையை மெல்லப் பிரித்தேன். ஐந்து விரலும் தனித்தனியாக விரிந்தன. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த உன் நினைவு வந்துவிட்டது. குழந்தையைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் உன் கழுத்துப் புற்றுக்கட்டிக்கு மருந்து ஏற்ற வந்த டாக்டரம்மாதான் விரல்கள் பிரிவதைப் பற்றிச் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும்போது எல்லோருக்கும் விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்குமாம். அந்தச் செல்கள் நேரம் வந்ததும் தாமாகவே செத்து வழிவிடுவதால்தான் விரல்கள் பிரிகின்றனவாம். நீ என் கையைப் பிடித்து அவரிடம் காட்டினாய். "அப்ப இவளுக்குப் பாதிதான் செத்திருக்குதுங்க. இவ எழுத்தப் பாருங்க, வாத்து நடந்தாப்பல இருக்கும்."

அந்த வாரம் ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து சதைக்குள் இறங்கியிருந்தது. உன் கை சிவந்து வீங்கி, நடுவில் கறுத்துக் கிடந்தது. செல்லைக் கொல்லத்தானே மருந்து, பிறகு ஏன் இப்படி என்று கேட்டேன். இது அடிபட்டுச் சாவது என்றார் அவர். செல் வீங்கி வெடிக்கும். உள்ளே இருப்பது கொட்டி அக்கம்பக்கத்தையும் புண்ணாக்கும். தானாகச் சாகும் செல் அப்படியில்லை. சுருங்கும், சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரியும், பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, புண் இல்லை. உன் கழுத்துக் கட்டியில் இருந்தவை அப்படிச் சாக மறந்துபோனவை. அதைத்தான் மருந்து அவற்றுக்கு நினைவுபடுத்த வேண்டுமாம்.

"சாகச் சொன்னாக் கேக்க மாட்டீங்குதுங்களா?" என்றாய். "என்ற ஒடம்புதானுங்களே. சொல்பேச்சுக் கேக்காத கழுதைன்னு எங்கம்மா சும்மாவா வையுது!"

டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசியில் நீ போய்விட்டாய். துக்கத்துக்கு வந்த ஓர் அம்மா உன் வீட்டு வாசலில் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "கட்டின்னு வெளிய சொல்லலாமுங்களா? நாளைக்கு இவ தங்கச்சிய ஆரு கட்டிக்குவாங்க?"

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். என் கழுத்திலும் இடது பக்கம் ஒன்று இருக்கிறது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். ஜடையை முன்னால் போட்டு மறைத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாளோ, ஊர் என்ன பேசுமோ என்று பயம். சளிக்கட்டி என்றால் தொட்டால் வலிக்கும் என்று டாக்டரம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால் தினமும் அழுத்திப் பார்க்கிறேன். வலித்துவிடு, வலித்துவிடு என்று கெஞ்சுகிறேன். வலிக்கவில்லை.

எல்லாக் கட்டியும் உன் கட்டி ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன தெரியும்?

கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று உனக்குப் பேசவே முடியவில்லை. என்னைக் குனியச் சொன்னாய். "வலிக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துபோட்டேன் புள்ள. அது வலிக்கவேயில்ல."

உன் நோட்டோ வளையலோ எதுவும் என்னிடம் இல்லை. இந்த ஒரு பேச்சுதான் இருக்கிறது. யாரிடமும் காட்ட முடியாமல் வைத்திருக்கிறேன்.

அம்மா அடுத்த சந்தில் இராத்திரி ஷிப்டில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வரட்டும் என்று விடியும்வரை காத்திருந்தால் சொல்லும் தைரியம் போய்விடும். அந்தத் தறிச் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் எதுவும் கேட்காது. காதோரம் வாய் வைத்துக் கத்த வேண்டும். பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் கேட்கும்.

கேட்கட்டும். செருப்பைப் போட்டுக்கொண்டேன்.